பெர்லில் கோப்போடு கட்டிய ஹாஷ் மக்கர் செய்கிறதா? படிப்படியாகக் கண்டுபிடிக்கும் வழி

பழைய பெர்ல் ஸ்கிரிப்ட் ஒன்று கைக்கு வருகிறது. எழுதியவர் வேலையை விட்டுப் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. உள்ளே ஒரு ஹாஷ் (கீ-மதிப்பு ஜோடிகளை வைக்கும் மாறி), டை என்ற கட்டளையால் வட்டில் இருக்கும் ஒரு கோப்போடு கட்டப்பட்டிருக்கிறது. நேற்றுவரை ஓடியது, இன்று ஹாஷ் காலியாக வருகிறது. அல்லது டை செய்யும் வரியிலேயே ஸ்கிரிப்ட் விழுகிறது. அல்லது இதைவிட மோசம்: எல்லாம் ஓடுகிறது, ஆனால் சில கீகள் மட்டும் கிடைக்கவில்லை.

இந்தக் கோளாறுகளில் பலவற்றுக்கு வேர் ஒன்றுதான். கண்ணுக்குத் தெரிவது ஹாஷ், அடியில் இருப்பது கோப்பு. ஒரு கீயைப் படித்தால் பெர்ல் ஃபெட்ச் என்ற மெத்தடை அழைக்கிறது, எழுதினால் ஸ்டோரை அழைக்கிறது. அந்த மெத்தடுகளுக்குப் பின்னால் சியில் எழுதிய ஒரு லைப்ரரி இருக்கிறது. அதற்குப் பெர்லின் தரவு வகைகள் எதுவும் தெரியாது, தெரிந்தது பைட்டு வரிசை மட்டும். 1979-இல் கென் தாம்ப்ஸன் எழுதிய டிபிஎம் தொடங்கி, என்டிபிஎம், எஸ்டிபிஎம், ஜிடிபிஎம், பெர்க்லி டிபி என்று வந்த இந்தக் குடும்பம் முழுவதும் இப்படித்தான். ஆகவே முதலில் எந்தக் கோப்பு, அப்புறம் எந்த லைப்ரரி, அப்புறம் உள்ளே என்ன பைட்டுகள், கடைசியாக வேறு யார் அதைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்ற வரிசையில் தேடுங்கள். வரிசையை மாற்றினால் நேரம் வீணாகும்.

கை வைக்கும் முன் நகல்

அந்தக் கோப்பில் எழுதும் எல்லா நிரல்களையும் நிறுத்துங்கள், குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகளையும் சேர்த்து. பிறகு கோப்பை நகலெடுங்கள். இனி செய்யும் சோதனை எல்லாம் நகலின் மேல்தான். எஸ்டிபிஎம் என்றால் .பிஏஜி, .டிஐஆர் என்று இரண்டு கோப்புகள் இருக்கும். இரண்டும் சேர்ந்ததுதான் ஒரு டேட்டாபேஸ். ஒன்றை மட்டும் பேக்கப் எடுத்து வைத்திருப்பவர்கள் உண்டு, அதனால் பயனில்லை. இன்னொரு விஷயம், .பிஏஜி கோப்பில் நடுநடுவே ஓட்டைகள் இருக்கும். எல்எஸ் கட்டளை காட்டும் கோப்பின் அளவு பெரிதாகவும், வட்டில் பிடிக்கும் இடம் என்று டியூ கட்டளை காட்டும் அளவு சிறிதாகவும் இருந்தால் பயப்பட வேண்டாம், அது இயல்பு. டார் கட்டளையால் ஒரே கோப்பாகக் கட்டும்போது மட்டும் பெரிய எஸ் விருப்பத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஓட்டைகளும் பூஜ்யங்களாக நிரம்பி உள்ளே போகும்.

படி 1: பிழைச்செய்தியை முதலில் வரவழையுங்கள்

பழைய ஸ்கிரிப்டுகளில் டை வெற்றி பெற்றதா என்று பார்க்கவே மாட்டார்கள். டை தோற்றால் ஹாஷ் சாதாரண ஹாஷாகவே இருக்கும், எழுதியதெல்லாம் நினைவகத்தில் தங்கி, நிரல் முடிந்ததும் போய்விடும். எந்தச் சத்தமும் இருக்காது. எனவே டை வரியின் கடைசியில், தோற்றால் பிழைச்செய்தி இருக்கும் $! மாறியைக் காட்டிச் செத்துப்போகும்படி (die) எழுதுங்கள்.

அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. டை என்பதற்கு அடைப்புக்குறி போடாமல் எழுதி, கடைசியில் || போட்டால், அந்தக் குறி முழு டை அழைப்போடு சேராது. கடைசி ஆர்கியுமென்டோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும். அந்த ஆர்கியுமென்ட் உண்மையாக இருப்பதால் டை (tie) தோற்றாலும் நிரலைச் சாகடிக்கும் die ஓடாது. ‘ஆர்’ (or) என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் அடைப்புக்குறி போடுங்கள். பெர்லின் தவறு பிடிக்கும் வசதிகளான ஸ்ட்ரிக்டும் வார்னிங்ஸும் இயங்குகின்றனவா என்றும் பாருங்கள். எஸ்டிபிஎம்முக்கான பெர்ல் மாட்யூல் எஸ்டிபிஎம்_ஃபைலைப் பயன்படுத்தும் நிரலில் எஃப்சிஎன்டிஎல் மாட்யூலை ஏற்ற மறந்திருந்தால், ஓ_கிரியேட் (கோப்பு இல்லையென்றால் உருவாக்கு) போன்ற கொடிகளின் பெயர்கள் எண்களாக இல்லாமல் வெறும் சொற்களாகவே போகும். ஸ்ட்ரிக்ட் இருந்தால் அது உடனே பிடிபடும்.

இப்போது செய்தி வரும். ‘நோ சச் ஃபைல்’ என்றால் படி 2. ‘பெர்மிஷன் டினைடு’ என்றால் படி 3. ஜிடிபிஎம்மில் ‘ரிசோர்ஸ் டெம்பரரிலி அன்அவைலபிள்’ என்றால் வேறொரு நிரல் கோப்பைப் பிடித்து வைத்திருக்கிறது. ஜிடிபிஎம் ஒரு சமயத்தில் எழுதுபவர் ஒருவரையோ, படிப்பவர்கள் பலரையோதான் அனுமதிக்கும்.

பெர்க்லி டிபிக்கான பெர்ல் மாட்யூல் டிபி_ஃபைல். அதில் அடிக்கடி வந்து குழப்புவது ‘இன்வாலிட் ஆர்கியுமென்ட்’. ஏதோ ஒன்று தவறு என்பதைத் தவிர அது எதையும் சொல்வதில்லை. நான் பார்க்கும் வரிசை இது: எழுதுவதற்கு மட்டும் திறக்கும் ஓ_டபிள்யூஆர்ஒன்லி கொடி இருக்கிறதா (டிபி_ஃபைல் அதை ஏற்காது, படிக்கவும் எழுதவும் திறக்கும் கொடியே வேண்டும்), அதே நிரல் முன்பு திறந்ததை மூடாமல் மறுபடி திறக்கிறதா, பிட்ரீயாக (கீகளை வரிசைப்படுத்தி வைக்கும் வகையாக) உருவாக்கிய கோப்பை ஹாஷ் வகையாகத் திறக்கிறதா, கோப்பின் வடிவமே இந்த லைப்ரரிக்குப் புரியாததா. கடைசி இரண்டுக்கும் விடை படி 4-இல்.

படி 2: எந்தக் கோப்பு?

“தரவு எல்லாம் காணாமல் போய்விட்டது” என்று சொன்னால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். ஸ்கிரிப்டில் கோப்பின் பெயர் மட்டும் இருக்கும், முழுப் பாதை இருக்காது. கையால் ஓட்டும்போது ஓரிடத்தில் நிற்கிறோம். கிரான் ஓட்டும்போது பயனரின் ஹோம் டைரக்டரியில் நிற்கிறது. வெப் சர்வர் ஓட்டும்போது வேறொரு இடம். ஓ_கிரியேட் கொடி இருப்பதால், கோப்பு இல்லாத இடத்திலெல்லாம் புதிதாகக் காலிக் கோப்பு ஒன்று பிறக்கிறது. பிழை எதுவும் வராது. எனக்கே ஒருமுறை ஒரே பெயரில் மூன்று டைரக்டரிகளில் மூன்று கோப்புகள் கிடைத்தன, மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தரவு.

முழுப் பாதையைக் கொடுங்கள். முதல்முறை கோப்பை உருவாக்குவதற்கு ஒரு தனி ஸ்கிரிப்ட் வைத்து, அன்றாடம் ஓடும் நிரலில் ஓ_கிரியேட்டை எடுத்துவிடுங்கள். அதன்பின் பாதை தவறினால் நிரல் உடனே கத்தும். கத்துவதுதான் நமக்கு நல்லது. இப்போது எந்தக் கோப்பு திறக்கிறது என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால் நிரல் இயங்குதளத்திடம் செய்யும் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸ் வழியாக நிரலை ஓட்டி, திறக்கும் அழைப்புகளை மட்டும் பாருங்கள்.

டிபி_ஃபைலில் இன்னொரு வசதியும் உண்டு, அதுவே வம்பாகவும் மாறும். கோப்புப் பெயரின் இடத்தில் அன்டெஃப் (மதிப்பே இல்லாத நிலை) கொடுத்தால் அது நினைவகத்திலேயே ஒரு டேட்டாபேஸைத் தொடங்கும். இதை வேண்டுமென்றே பயன்படுத்துபவர்கள் உண்டு. ஆனால் கான்ஃபிக் கோப்பிலிருந்து பெயரைப் படிக்கும் வரி தவறி மாறி காலியாகிவிட்டால், டை வெற்றி பெறும், ஹாஷ் ஒழுங்காக வேலை செய்யும், நிரல் முடிந்ததும் எல்லாம் மறைந்துவிடும். டை செய்வதற்கு முன் அந்த மாறியில் மதிப்பு இருக்கிறதா என்று ஒரு வரி சோதனை போதும்.

பின்னொட்டும் கவனிக்க வேண்டியது. எஸ்டிபிஎம் தானே .பிஏஜி, .டிஐஆர் என்று சேர்த்துக்கொள்ளும். நீங்கள் பின்னொட்டோடு பெயர் கொடுத்தால் .பிஏஜி.பிஏஜி என்று ஒரு விசித்திரக் கோப்பு பிறக்கும். டிபி_ஃபைல் எதையும் சேர்க்காது, கொடுத்த பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளும்.

படி 3: அனுமதி

இங்கே ஒரு தவறு மட்டும் விளக்கத்துக்கு உரியது. கோப்பின் அனுமதியை 0666 என்று முன்னால் பூஜ்யத்தோடு எழுத வேண்டும், அது எட்டடிமான எண். பூஜ்யத்தை விட்டு 666 என்று எழுதினால் அது எட்டடிமானத்தில் 1232 ஆகிவிடும். அதாவது கோப்பின் சொந்தக்காரருக்கு எழுத மட்டும் உரிமை, படிக்க உரிமை இல்லை. உருவாக்கும் முதல் ஓட்டத்தில் எல்லாம் சரியாக நடக்கும், ஏனென்றால் கோப்பு திறந்த நிலையிலேயே பிறந்தது. இரண்டாவது ஓட்டத்தில் ‘பெர்மிஷன் டினைடு’. முதல் தடவை ஓடி இரண்டாம் தடவை விழுந்தால் இதைத்தான் முதலில் பாருங்கள்.

மற்றபடி வெப் சர்வரின் பயனர் வேறு, உங்கள் பயனர் வேறு என்பதை நினைவில் வையுங்கள். எஸ்டிபிஎம் என்றால் இரண்டு கோப்புகளின் அனுமதியையும் பாருங்கள்.

படி 4: எந்த லைப்ரரி எழுதிய கோப்பு?

சர்வரை மாற்றிய மறுநாள் ஸ்கிரிப்ட் விழுந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஃபைல் என்ற கட்டளையைக் கோப்பின் மேல் ஓட்டுங்கள். பெர்க்லி டிபி 1.85 ஹாஷா, புதிய பெர்க்லி டிபியின் ஹாஷா, பிட்ரீயா, குனு டிபிஎம்மா என்று அது சொல்லிவிடும். எஸ்டிபிஎம் கோப்பில் அடையாள எண் எதுவும் கிடையாது, அதனால் ஃபைல் கட்டளை வெறும் தரவு என்று சொல்லக்கூடும். அப்போது இரட்டைக் கோப்புப் பெயரே தடயம். ஆனால் என்டிபிஎம்மும் அதே பின்னொட்டுகளைப் பயன்படுத்தும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இருக்கும் லைப்ரரிகளில் ஒன்றைத் தானே தேர்ந்தெடுக்கும் எனிடிபிஎம்_ஃபைலை ஸ்கிரிப்ட் பயன்படுத்தியிருந்தால் சந்தேகம் கூடும். அது என்டிபிஎம், டிபி_ஃபைல், ஜிடிபிஎம், எஸ்டிபிஎம், ஓடிபிஎம் என்ற வரிசையில் தேடி, முதலில் கிடைப்பதை எடுத்துக்கொள்ளும். பழைய சர்வரில் ஒன்று கிடைத்திருக்கும், புதிய சர்வரில் வேறொன்று. டைக்கு முன்பிருந்த டிபிஎம்ஓபன் கட்டளையும் இதன் வழியாகத்தான் போகிறது. எந்த லைப்ரரி என்பதைப் பெயர் சொல்லி எழுதிவிடுங்கள். டிபி_ஃபைல் மாட்யூலே கிடைக்கவில்லை என்று செய்தி வந்தால், ரெட் ஹாட் குடும்பத்தில் அது தனிப் பேக்கேஜ் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எஸ்டிபிஎம் மட்டும்தான் பெர்லோடு கூடவே வருவது.

பெர்க்லி டிபிக்குள்ளேயே பதிப்புச் சிக்கல் உண்டு. 1.85 எழுதிய கோப்பைப் பிற்காலப் பதிப்புகள் நேரடியாகத் திறக்காது. 2006-இல் பெர்க்லி டிபியை வளர்த்த ஸ்லீப்பிகேட் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது, 2013-இல் உரிமம் இன்னும் கட்டுப்பாடு மிகுந்த ஏஜிபிஎல்லுக்கு மாறியது. டெபியன் 5.3 பதிப்போடு நின்றுவிட்டதற்கு இதுவே பின்னணி. பாதுகாப்பான வழி: பழைய சர்வர் உயிரோடு இருக்கும்போதே டிபி_டம்ப் கட்டளையால் கோப்பை உரைக் கோப்பாக எடுத்து, புதிய சர்வரில் டிபி_லோட் கொண்டு ஏற்றுவது. வட்டுக் கோப்பை அப்படியே தூக்கிக்கொண்டு போவதை நான் விரும்புவதில்லை. ஜிடிபிஎம் கோப்பு, எண்களின் பைட்டுகளை வேறு வரிசையில் அடுக்கும் கணினியில் திறக்காது என்பதும் இதற்கு ஒரு காரணம்.

படி 5: உள்ளே என்ன பைட்டுகள்?

கோப்பு சரி, லைப்ரரி சரி, ஆனாலும் கீ கிடைக்கவில்லை. இங்கேதான் பொறுமை வேண்டும். பத்துக் கீகளை எடுத்து, தரவை உள்ளபடி காட்டும் டேட்டா::டம்பர் மாட்யூலில் யூஸ்கியூகியூ விருப்பத்தை 1 ஆக்கி அச்சிடுங்கள். வெறும் பிரின்ட் எதையும் காட்டிக்கொடுக்காது, இது ஒவ்வொரு மறைபைட்டையும் காட்டும்.

கீயின் கடைசியில் \0 தெரிந்தால், அந்தக் கோப்பைச் சியில் எழுதிய நிரல் ஒன்றும் பயன்படுத்துகிறது. சி தன் சரத்தின் முடிவில் ஒரு பூஜ்ய பைட்டை வைக்கும், பெர்ல் வைக்காது. நீங்கள் தேடும் கீயும் அதுவும் ஒரு பைட்டு வித்தியாசம். டிபிஎம் ஃபில்ட்டர் வசதி இதற்காகவே இருக்கிறது: எழுதும்போது பூஜ்யத்தைச் சேர்க்கவும் படிக்கும்போது நீக்கவும் சொல்லிவிடலாம்.

மதிப்பின் இடத்தில் ‘ஹாஷ்’ என்ற சொல்லும் அடைப்புக்குறிக்குள் ஒரு நினைவக முகவரியும் தெரிந்தால் மனம் நொந்துதான் போகும். யாரோ ஹாஷுக்குள் ஹாஷை வைத்திருக்கிறார்கள். லைப்ரரிக்குத் தெரிந்தது சரம் மட்டும், அதனால் ரெஃபரன்ஸின் எழுத்து வடிவம்தான் வட்டில் பதிந்தது. அந்தத் தரவு திரும்பாது. இனிமேலாவது இப்படிப்பட்ட தரவைச் சரமாக மாற்றிச் சேமிக்கும் எம்எல்டிபிஎம் மாட்யூலையோ ஸ்டோரபிளையோ பயன்படுத்துங்கள். எம்எல்டிபிஎம்மிலும் உள் ஹாஷின் ஒரு கீயை நேரடியாக மாற்றினால் வட்டுக்குப் போகாது. முழு உள் ஹாஷையும் வெளியே எடுத்து, மாற்றி, மறுபடி வைக்க வேண்டும்.

எஸ்டிபிஎம்மில் ‘எஸ்டிபிஎம் ஸ்டோர் ரிட்டர்ன்டு -1, எர்நோ 22’ என்று வந்தால் அளவு மீறிவிட்டது. கீயும் மதிப்பும் சேர்ந்து 1008 பைட்டுகளுக்குள் இருக்க வேண்டும். தமிழில் எழுதுபவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் முட்டும். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டுகள், ‘கி’ போன்ற ஓர் உயிர்மெய் 6 பைட்டுகள். 336 குறியீடுகளில் இடம் தீர்ந்துவிடும். நல்லவேளையாக இந்தப் பிழை நிரலை நிறுத்திவிடும், தரவை வெட்டிச் சேமிக்காது. டிபி_ஃபைலுக்கோ ஜிடிபிஎம்முக்கோ மாறுவதுதான் தீர்வு.

தமிழ்க் கீகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆங்கிலக் கையேடுகளில் இது இருக்காது. முதலில், பெர்லுக்குள் ஒரு சரம் எழுத்துகளாக இருக்கலாம், பைட்டுகளாகவும் இருக்கலாம். எழுத்துகளாக இருப்பதை நேரடியாக எழுதினால் ‘வைடு கேரக்டர்’ என்று தொடங்கும் பிழையோடு நிரல் விழும். டம்பரில் ‘க’ என்ற எழுத்து \340\256\225 என்று தெரிந்தால் அது யூடிஎஃப்-8 பைட்டுகள், வட்டில் இருக்க வேண்டியது அதுதான். ஒரே ‘க’வுக்கு ஆறு எண்கள் வந்தால் யாரோ இரண்டு தடவை என்கோட் செய்திருக்கிறார்கள். டிபிஎம்_ஃபில்ட்டர் மாட்யூலின் யூடிஎஃப்8 ஃபில்ட்டரை டை செய்த உடனே தள்ளிவிட்டால், எழுதும்போது என்கோடும் படிக்கும்போது டிகோடும் தானாக நடக்கும். ஃபில்ட்டரைப் போட்ட பிறகு வேறெங்கும் கையால் என்கோட் செய்யாதீர்கள், இரட்டை என்கோடு அப்படித்தான் வருகிறது.

இரண்டாவது இன்னும் நுட்பம். ‘கொடி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒகரக் குறியை ஒரே குறியீடாக எழுதினால் சொல் 12 பைட்டுகள். எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக வந்தால் 15 பைட்டுகள். திரையில் இரண்டும் ஒன்றே, கோப்புக்கு இரண்டும் வேறு வேறு கீகள். ஒரு கீபோர்டில் அடித்துச் சேமித்ததை இன்னொரு கீபோர்டில் அடித்துத் தேடினால் கிடைக்காமல் போவதற்கு இது ஒரு காரணம். யூனிகோட்::நார்மலைஸ் மாட்யூலில், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வழியாகக் கீயை எப்போதும் அனுப்புங்கள், எழுதும்போதும் தேடும்போதும். ஔகாரத்தில் மட்டும் அது போதாது. கௌரி என்பதைக் கெளரி என்று ளகரம் போட்டு அடிப்பவர்கள் நிறைய. அது வேறு எழுத்து, என்எஃப்சி அதைத் தொடாது. அதற்குத் தனியாகத் திருத்தம் எழுதத்தான் வேண்டும்.

பிட்ரீ கோப்பென்றால் இன்னும் இரண்டு கேள்விகள். ஒரே கீக்குப் பல மதிப்புகளை அனுமதித்து உருவாக்கினார்களா? அப்படியானால் ஹாஷ் வழியாகப் படிக்கும்போது முதல் மதிப்புதான் வரும், மற்றவற்றுக்கு கெட்_டுப் மெத்தட் வேண்டும். வரிசைப்படுத்த சொந்தமாக ஒப்பீட்டு ஃபங்ஷன் எழுதினார்களா? அப்படியானால் திறக்கும் ஒவ்வொரு நிரலும் அதே ஃபங்ஷனைத் தர வேண்டும். தராவிட்டால் இருக்கும் கீயும் இல்லை என்று வரும்.

படி 6: மூடுவதில் நடக்கும் தவறுகள்

எழுதியது வட்டுக்குப் போகவில்லையா? டை திருப்பித் தரும் ஆப்ஜெக்டை ஒரு மாறியில் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அந்த மாறி உயிரோடு இருக்கும்வரை, கட்டை அவிழ்க்கும் அன்டை கட்டளையை ஓட்டினாலும் கோப்பு மூடப்படாது. ‘இன்னர் ரெஃபரன்சஸ்’ இன்னும் இருக்கின்றன என்று எச்சரிக்கை வரும், வார்னிங்ஸ் இயங்கினால் மட்டும். மாறியை முதலில் அன்டெஃப் செய்து, பிறகு அன்டை.

நீண்ட நேரம் ஓடும் நிரல் என்றால் இடையிடையே, எழுதியதை வட்டுக்குத் தள்ளும் சிங்க் மெத்தடை அழையுங்கள். கன்ட்ரோல்-சி, டெர்ம் சிக்னல்களுக்கு ஹேண்ட்லர் எழுதி, அதற்குள் ஒரு கொடியை மட்டும் உயர்த்தி, முதன்மைச் சுழலில் ஒழுங்காக மூடுங்கள். நிரலை உடனே கொல்லும் கில் -9-க்கு மருந்து கிடையாது. ஃபோர்க் செய்து பிள்ளை நிரலைப் பிறப்பிக்கும் நிரலில், ஃபோர்க்குக்கு முன் திறந்த ஹாஷைப் பிள்ளை நிரல் தொடவே கூடாது. ஒவ்வொருவரும் தனித்தனியாகத் திறக்கட்டும்.

டை செய்த ஹாஷுக்குக் காலிப் பட்டியலை ஒதுக்கினால் கோப்பில் இருந்ததெல்லாம் அழியும். தொடக்கத்தில் ஹாஷைக் காலி செய்வோம் என்ற பழக்கத்தில் டைக்குப் பிறகு அந்த வரியை எழுதுபவர்கள் இருக்கிறார்கள். படிக்க மட்டும் செய்யும் நிரல்களைப் படிக்கும் உரிமையோடு மட்டும் திறந்தால் இந்த ஆபத்து இல்லை. பெரிய கோப்பில் கீஸ் என்று கேட்டால் எல்லாக் கீகளும் நினைவகத்துக்கு வந்துவிடும், ஒவ்வொன்றாகத் தரும் ஈச் பயன்படுத்துங்கள். ஈச் சுழலுக்குள் நீக்கவோ சேர்க்கவோ வேண்டாம், சில கீகள் தவறிப்போகும். நீக்க வேண்டியவற்றைக் குறித்து வைத்து, சுழல் முடிந்தபின் நீக்குங்கள்.

படி 7: பூட்டு

எப்போதாவது ஒருமுறை மட்டும் கோப்பு கெடுகிறது, காரணம் பிடிபடவில்லை என்றால் இரண்டு நிரல்கள் ஒரே சமயத்தில் எழுதுகின்றன. எல்எஸ்ஓஎஃப் கட்டளை யார் யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று காட்டும்.

“நான் பூட்டுப் போட்டிருக்கிறேனே” என்பார்கள். எங்கே என்பதுதான் கேள்வி. பழைய டிபி_ஃபைல் ஆவணமே, டை செய்து, எஃப்டி மெத்தடால் கோப்பின் எண்ணை வாங்கி, அதன் மேல் ஃப்ளாக் என்ற பூட்டைப் போடச் சொன்னது. அந்த வழி தவறு என்று பின்னால் அதே ஆவணம் எச்சரித்தது. டை நடக்கும்போதே லைப்ரரி கோப்பின் முதல் பகுதியைப் படித்துத் தன் கேஷில் வைத்துக்கொள்கிறது. நீங்கள் பூட்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் மற்றவர் எழுதிவிட்டுப் போகிறார். பூட்டு உங்கள் கைக்கு வரும்போது உங்கள் கேஷ் பழசு. அந்தப் பழசை வைத்து எழுதினால் அவர் எழுதியது சிதையும்.

சரியான முறை: தனியாக ஒரு பூட்டுக் கோப்பு. அதைத் திறந்து, எழுதுவதென்றால் தனிப்பூட்டு, படிப்பதென்றால் பகிர்பூட்டு. பூட்டு கிடைத்த பிறகுதான் டை. வேலை முடிந்ததும் ஆப்ஜெக்ட் மாறியை அன்டெஃப், அன்டை, கடைசியாகப் பூட்டுக் கோப்பை மூடுதல். டிபி_ஃபைல்::லாக் மாட்யூல் இதையே செய்கிறது. கோப்பைத் தொடும் ஒவ்வொரு நிரலும் இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்க வேண்டும், ஒன்று மீறினாலும் பூட்டு வீண். என்எஃப்எஸ் போன்ற நெட்வொர்க் வட்டில் இந்தக் கோப்புகளை வைப்பதைத் தவிர்த்துவிடுங்கள்.

படி 8: கெட்ட கோப்பிலிருந்து மீட்பது

பெர்க்லி டிபி கோப்பென்றால், நகலின் மேல் அதன் சோதனைக் கட்டளையான டிபி_வெரிஃபை ஓட்டுங்கள். சொந்த ஒப்பீட்டு ஃபங்ஷன் உள்ள பிட்ரீயில் அது வரிசை தவறு என்று பொய்ப் புகார் சொல்லும், சிறிய ஓ விருப்பம் அந்தச் சோதனையைத் தவிர்க்கும். கெட்டது உறுதியானால் டிபி_டம்ப் கட்டளையைச் சிறிய ஆர் விருப்பத்தோடு ஓட்டி, மீள்வதை உரைக் கோப்பில் எடுங்கள். பெரிய ஆர் இன்னும் ஆழமாகத் தோண்டும், ஆனால் முன்பு நீக்கிய பதிவுகளையும் அரைகுறைப் பதிவுகளையும் சேர்த்துக் கொண்டுவரும். அதைக் கண்ணால் பார்த்துச் சலித்த பிறகே டிபி_லோடுக்குக் கொடுங்கள். சொந்த ஒப்பீட்டு ஃபங்ஷன் இருந்தால் டிபி_லோட் வேண்டாம். அது இயல்பான பைட்டு வரிசையில் அடுக்கிவிடும். பெர்லிலேயே அந்த ஃபங்ஷனோடு புதுக் கோப்பைத் திறந்து ஏற்றுங்கள்.

எஸ்டிபிஎம்முக்கு இப்படிக் கருவிகள் இல்லை. ஈச் கொண்டு ஒவ்வொரு ஜோடியாகப் புதுக் கோப்புக்கு நகலெடுக்கும் சின்ன ஸ்கிரிப்டே வழி. அதில் ஓர் எண்ணியைக் கட்டாயம் வையுங்கள், கெட்ட கோப்பில் சுழல் முடிவில்லாமல் ஓடக்கூடும். ஏற்கெனவே வந்த கீ திரும்ப வந்தால் நிறுத்திவிடலாம்.

அந்த நகல் ஸ்கிரிப்டை எழுதும் அன்றைக்கே இலக்கை, ஒரே கோப்பில் இருக்கும் டேட்டாபேஸான எஸ்கியூலைட்டாக மாற்றலாமா என்றும் யோசியுங்கள். பலர் ஒரே சமயத்தில் எழுதும் கோப்பென்றால் நான் மாற்றியே விடுவேன். பெர்லின் டேட்டாபேஸ் இடைமுகமான டிபிஐ வழியாக இரண்டு நெடுவரிசை உள்ள ஒரு டேபிள், கீயின் மேல் பிரைமரி கீ, ஆயிரம் பதிவுகளுக்கு ஒரு டிரான்ஸாக்ஷன். கீயையும் மதிப்பையும், பைட்டுகளை மாற்றாமல் வைக்கும் பிளாப் வகையில் வைத்துக்கொண்டால் பழைய பைட்டுகள் அப்படியே வந்து சேரும். நகலெடுத்து முடித்ததும் பழைய கோப்பின் எண்ணிக்கையையும் புதியதன் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள், தமிழ்க் கீ ஒன்றைக் கையால் தேடியும் பாருங்கள். பழைய கோப்பை ஒரு மாதமாவது படிக்க மட்டும் உரிமையோடு அப்படியே விட்டுவையுங்கள்.